இரவுப் பண் இயற்றும் முறை

மேனாட்டு இசைவாணர் பியானோவுக்கென்று இயற்றிய உருப்படிகளுள் ‘நாக்டர்ன்’ என்பது ஒருவகை. இரவுக்குரியது என்பது அப்பெயரின் பொருள். கேட்போர் உள்ளத்தை ஆற்றுவது அதன் பொதுவியல்பு. இத்தகைய பண்ணை இயற்றப் புகும் மாணவர் பலர், மெல்லென வாசித்தலும் காலத்தைத் தாழ்த்தலுமே போதுமென்று கருதுவர். அக்கருத்துப் பொருந்தாது. ஓசை குறைந்த மாத்திரத்தில் அமைதி பிறப்பதில்லை. ஒழுங்கினின்றே அது பிறக்கின்றது.

டப்ளின் நகரில் 1782-ஆம் ஆண்டு பிறந்த ஜான் ஃபீல்டு என்பாரே பியானோவில் இப்பெயரால் தனிப் பண்களை முதன்முதல் இயற்றியவர். தம் ஆசிரியர் கிளெமென்டியுடன் 1802-இல் உருசிய நாடு சென்ற இவர், வாழ்நாளின் பெரும்பகுதியை ஆங்கே கழித்து, 1837-இல் மாஸ்கோவிற் காலமானார். போலந்து நாட்டிற் பிறந்த ஷோப்பன் (1810–1849) அவ்வழி நின்று 21 இரவுப் பண்கள் இயற்றினார்.

பியானோவுக்கு இயல்பாகவே ஒரு குறை உண்டு. சுத்தி தந்தியை அடித்த அக்கணமே ஒலி தேயத் தொடங்குகிறது. வில்லினாலும் மூச்சினாலும் பிறக்கும் ஒலிபோல அதனை வளர்த்தல் இயலாது. விரலை எடுத்தாலோ ஒலியடக்கி தந்திமேல் வீழ்ந்து அதனை நிறுத்திவிடும். வலக்கால் மிதியை அழுத்தின் ஒலியடக்கிகள் யாவும் ஒருங்கே மேலெழும். அடித்த தந்தி தடையின்றி அதிர, அதற்கு இணக்கமான பிற தந்திகளும் உடன் அதிர்ந்து நிறைவு தரும். ஆகலின், இடக்கை ஒரு கீழ்ச்சுரத்தை ஒலிப்பித்துவிட்டுத் தன் எட்டுக்கு அப்பாற்பட்ட மேற்சுரங்களை நாடிச் செல்லலாம். ஃபீல்டு தம் பண்களிற் கையாண்ட வழி இதுவே.

இனி, இயற்றும் முறையைக் காண்போம். முதற்கண் இடக்கைப் பகுதியை அமைத்தல் வேண்டும். கீழ்ச் ஸ்தாயி ஷட்ஜம், அதன் பஞ்சமம், அடுத்த ஸ்தாயியின் அந்தர காந்தாரம் என மூன்று சுரங்களை விரித்து, ஒன்றன்பின் ஒன்றாக மாறாத நடையில் ஒலிக்கச் செய்க. தாழ்ந்த ஸ்தாயியில் நெருங்கிய சுரங்களைக் கூட்டின் அவை தம்முள் மோதிக் கலங்கும். சுரக்கூட்டு மாறுந்தோறும் மிதியை விடுத்து மீண்டும் அழுத்துக. இன்றேல் முன்னொலி பின்னொலியை மறைக்கும்.

அடுத்து, வலக்கைக்குப் பாடத்தக்க மெட்டொன்றைத் தருக. வாயாற் பாடிப் பார்த்து, மூச்சு வாங்குமிடத்தில் மெட்டும் நிற்குமாறு செய்க. ஷோப்பனின் ஒன்பதாந் தொகுதியின் இரண்டாம் பண்ணில், இடக்கை மும்மூன்றாய் எண்ணும் நடையை ஏறக்குறைய இறுதிவரை விடாது காக்கின்றது. வலக்கை மெட்டோ மீண்டும் வருந்தோறும் புதிய அணிகளைப் பூண்டு வருகின்றது. அடித்தளம் நிலைத்திருத்தலினாலேயே மேலுள்ளது உரிமையோடு அசைகின்றது.

அமைதியே தொடரின் கேட்பார்க்குச் சலிப்புண்டாம். பதினைந்தாந் தொகுதியின் முதற்பண்ணில் ஷோப்பன் இடையே புயலனைய பகுதியொன்றை அமைத்து, பின்னர்த் தொடக்க மெட்டுக்கே மீள்கின்றார். முன்கேட்ட அதே மெட்டு அப்போது மிகுந்த ஆறுதல் தருகின்றது. கலக்கத்தைக் கடந்துவந்த அமைதியாதலின் அதற்கு அவ்வாற்றல் உண்டாயிற்று.

புதிதாகத் தொடங்குவோர் எட்டுத் தாளக்கூறுகளே உடைய சிறுபண் ஒன்றை முயல்க. இயற்றி முடித்தபின் இடக்கைப் பகுதியை மட்டும் தனியே வாசித்துக் கேட்க. மெட்டின் துணையின்றியும் அஃது உள்ளத்தை ஆற்றுமாயின் அடித்தளம் செவ்விது. ஆற்றாதாயின், மெட்டுக்கு அணிகள் பலவற்றைச் சேர்த்தும் பயனில்லை. அடித்தளத்தையே திருத்துதல் வேண்டும்.