பாடம் 9: பெயருக்குப் பொறுப்பு யார்?

ஊர் மாறிச் செல்லும் குடும்பத்தினர் தம் புதிய முகவரியை அஞ்சலகத்தில் தெரிவித்துவிட்டுப் புறப்படுவர். தெரிவிக்க மறந்தால், அவர்களுக்கு வரும் கடிதங்கள் பழைய வீட்டின் பூட்டிய கதவருகே கிடக்கும். இணையத்தில் இடம் மாறும் தளங்களுக்கும் இந்நிலை நேரும். ‘இப்பெயரைப் பற்றி அறிய இன்னாரைக் கேளுங்கள்’ என இணையத்தில் அறிவிக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

எண்ணும் பெயரும்

கணினிகள் ஒன்றையொன்று எண்களால் அறிகின்றன. 203.0.113.25 என்பது போன்ற எண்தொடர் ஐ.பி. முகவரி எனப்படும். மனிதர்க்கோ எண்ணைவிடப் பெயரே நினைவில் நிற்கும். ஆகவே தளங்களுக்குப் பெயர் இடப்படுகிறது. அதுவே களப்பெயர். அதனை டொமைன் என்றும் வழங்குவர்.

இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில், கணினிகளின் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் எழுதப்பட்டிருந்தன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழுவினர் அக்கோப்பைப் பேணினர். கணினிகள் பெருகவே, ஒரு கோப்பு போதாதாயிற்று. 1983ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் களப்பெயர் முறைமையை வகுத்தார். எல்லாப் பெயர்களையும் ஓரிடத்தில் காக்கும் முறை நீங்கி, அவரவர் பெயருக்கு அவரவரே பொறுப்பேற்கும் முறை பிறந்தது.

கேள்வி செல்லும் வழி

‘.இன்’ என முடியும் ஒரு பள்ளித் தளத்தின் பெயரை மாணவி ஒருத்தி தட்டச்சு செய்வதாகக் கொள்க. அவளுக்காக, இணைய இணைப்புத் தரும் நிறுவனத்தின் தேடல் வழங்கி விடை தேடப் புறப்படுகிறது. அது முதலில் வேர் வழங்கியைக் கேட்கும். வேர் வழங்கிகள் 13 பெயர்களில் இயங்குகின்றன. வேர் வழங்கிக்குப் பள்ளியைத் தெரியாது; ‘.இன்’ பெயர்களைக் காக்கும் பதிவகத்தை மட்டும் அது காட்டும். அப்பதிவகத்தை நிக்சி என்னும் இந்திய நிறுவனம் நடத்துகிறது. பதிவகமும் பள்ளித் தளத்தின் எண்ணைக் கூறாது. அப்பள்ளிக்குரிய பெயர் வழங்கி எது என்பதையே கூறும். இறுதியாக, அந்தப் பெயர் வழங்கி எண்ணைத் தரும். அதன் சொல்லே முடிவானது. ஆதலால் அது ‘அதிகாரமுடைய பெயர் வழங்கி’ எனப்படுகிறது.

களப்பெயரைப் பதிவு செய்து தரும் நிறுவனம் பதிவாளர் எனப்படும். தன் பெயர் வழங்கிகள் எவை என்பதைப் பள்ளி பதிவாளரின் தளத்தில் குறிப்பிடும். பதிவாளர் அதனைப் பதிவகத்திற்கு அனுப்புவார். சில வரிகளே கொண்ட அக்குறிப்பைப் பொறுத்தே பள்ளியின் தளமும் மின்னஞ்சலும் இயங்கும்.

மாற்றும் முறை

பள்ளி தன் பெயர் வழங்கிகளை ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொரு நிறுவனத்திற்கு மாற்ற விரும்பினால், பின்வரும் வரிசையைப் பின்பற்றுதல் வேண்டும்.

1. பழைய வழங்கியில் உள்ள பதிவுகள் அனைத்தையும் புதிய வழங்கியில் எழுதுதல். ‘ஏ’ பதிவு தளத்தின் எண்ணைக் கூறும். ‘எம்எக்ஸ்’ பதிவு மின்னஞ்சல் சேர வேண்டிய இடத்தைக் கூறும். பின்னதை எழுத மறந்தால், தளம் வழக்கம்போலத் திறக்கும். பெற்றோர் அனுப்பும் மின்னஞ்சல் மட்டும் பள்ளியை வந்தடையாது. தளம் திறப்பதால் இக்குறை உடனே கண்ணில் படாது.

2. புதிய வழங்கியை நேரடியாகக் கேட்டு, அது சரியான விடை தருகிறதா எனச் சோதித்தல்.

3. பதிவாளரின் தளத்தில் பழைய பெயர் வழங்கிகளை நீக்கிப் புதியவற்றைக் குறித்தல். குறைந்தது இரண்டு பெயர் வழங்கிகள் வேண்டும்.

4. பொறுத்திருத்தல். தேடல் வழங்கிகள் ஒருமுறை பெற்ற விடையைச் சிறிது காலம் நினைவில் வைத்திருக்கும். ‘.காம்’ பதிவகம் தரும் குறிப்பை 1,72,800 நொடிகள், அதாவது 48 மணி நேரம் வரை அவை வைத்திருக்கலாம். அதுவரை சிலர் பழைய வழங்கியையும் சிலர் புதிய வழங்கியையும் அடைவர். எனவே பழைய வழங்கியை உடனே நிறுத்துதல் கூடாது.

பள்ளியின் பெயர் வழங்கி, பள்ளியின் களப்பெயரையே தன் பெயரில் கொண்டிருந்தால் ஒரு சிக்கல் எழும். பள்ளியை அறியப் பெயர் வழங்கியைக் கேட்க வேண்டும். பெயர் வழங்கியை அறியப் பள்ளியை அறிய வேண்டும். பெட்டியின் சாவி பெட்டிக்குள்ளேயே இருப்பதற்கு இது நிகராகும். அந்நிலையில் வழங்கியின் எண்ணையும் பதிவாளரிடம் சேர்த்துத் தருதல் வேண்டும்.

வழி அடைபட்ட நாள்

2021ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் ஆகியவை உலகெங்கும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கின. பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு கட்டளை, ஃபேஸ்புக் நிறுவனத்தின் தரவு மையங்களை இணைக்கும் வலையமைப்பைத் துண்டித்தது. அதன் விளைவாக, அந்நிறுவனத்தின் பெயர் வழங்கிகளை அடையும் வழியும் இணையத்திலிருந்து மறைந்தது. வழங்கிகள் இயங்கிக்கொண்டுதான் இருந்தன. அவற்றிடம் கேள்வி சென்று சேரவில்லை. நான்கு பெயர் வழங்கிகள் இருந்தும், அனைத்தும் ஒரே வலையமைப்பைச் சார்ந்திருந்தமையால் பயன்படவில்லை. பெயர் வழங்கிகளை வெவ்வேறு வலையமைப்புகளில் வைப்பதன் தேவையை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

தமிழில் களப்பெயர்

களப்பெயரைத் தமிழ் எழுத்திலும் அமைக்கலாம். ‘.இந்தியா’, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ என்னும் தமிழ் முடிவுகள் இணையத்தின் வேரில் இடம்பெற்றுள்ளன. எழுத்து எதுவாயினும், அப்பெயருக்கு விடையளிக்கும் வழங்கியைக் குறிப்பதும் காப்பதும் பெயருக்கு உரியவரின் கடமையாகும்.

சொற்பொருள்

வழங்கி – பிற கணினிகளுக்குச் சேவை தரும் கணினி
பேணினர் – காத்தனர்
வகுத்தார் – முறைப்படி அமைத்தார்
நிகர் – ஒப்பு

பயிற்சி

அ. சரியா, தவறா எனக் குறிப்பிடுக.
1. வேர் வழங்கி எல்லாத் தளங்களின் எண்களையும் அறியும்.
2. ‘எம்எக்ஸ்’ பதிவு மின்னஞ்சலுக்கு உரியது.

ஆ. பிரித்து எழுதுக.
1. களப்பெயர்
2. அக்கோப்பு
3. மின்னஞ்சல்

இ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. ‘அதிகாரமுடைய பெயர் வழங்கி’ என்னும் பெயர் ஏன் வந்தது?
2. பழைய வழங்கியை உடனே நிறுத்தலாகாது. ஏன்?

ஈ. சிந்தித்து எழுதுக.
பள்ளித் தளம் திறக்கிறது. ஆயினும் பெற்றோரின் மின்னஞ்சல் பள்ளிக்கு வரவில்லை. எப்படியில் தவறு நேர்ந்திருக்கலாம்? அதனை எவ்வாறு சரிசெய்யலாம்?