அடுப்படித் தண்ணீருக்கு ஓர் உறிஞ்சுகுழி

கிராமத்துத் தெருக்களில் கறுத்துத் தேங்கிக் கிடப்பது பெரும்பாலும் பாத்திரம் கழுவிய, துணி துவைத்த, குளித்த தண்ணீர்தான். ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது கணக்கு. ஐந்து பேர் இருக்கும் வீட்டுக்கு 275 லிட்டர் வந்தால், அதில் பெரும்பகுதி அன்றே வெளியேறிவிடும். யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு முட்டையிடுவது இந்தத் தேக்கத்தில்தான். வீட்டுக்கு ஓர் உறிஞ்சுகுழி இருந்தால் தெருவுக்குத் தண்ணீர் வராது.

முதலில் மண்ணைப் பாருங்கள். ஓரடி ஆழத்துக்குச் சின்னக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். பிறகு மறுபடி நிரப்புங்கள். அரை மணி நேரத்தில் ஓர் அங்குலம்கூட இறங்கவில்லையென்றால் அது களிமண். அங்கே உறிஞ்சுகுழி வேண்டாம், பாத்தி கட்டி வாழையும் கல்வாழையும் வையுங்கள். கிணறு, அடிபம்பு இருந்தால் 30 அடிக்கு மேல் தள்ளி இடம் பாருங்கள். மழைக்காலத்தில் கிணற்றுத் தண்ணீர் ஏறி நிற்கும் மட்டத்துக்கும் குழியின் அடிக்கும் இடையே 6 அடியாவது இருக்க வேண்டும்.

அடுத்து குழி தோண்டுங்கள்: 4 அடிக்கு 4 அடி, ஆழமும் 4 அடி. அடியில் தேங்காய் பருமனுள்ள கல், நடுவில் கைமுட்டி அளவுக் கல், மேலே ஒன்றரை அங்குலச் சல்லி. மண் உள்ளே சரியாதபடி உரச்சாக்கை விரித்து மூடுங்கள்.

இத்தோடு வேலை முடிந்தது என்று நினைத்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள். குழியைக் கெடுப்பது தண்ணீர் அல்ல. எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் வண்டலும் கல்லிடுக்கில் படிந்து மண்ணின் வாயை அடைத்துவிடுகின்றன. அதனால் குழிக்கு முன்னால் ஒன்றரை அடிச் சதுரத்தில் செங்கல் வைத்துச் சிமெண்ட் பூசிய தொட்டி கட்டாயம் வேண்டும். வீட்டுக் குழாய் அதில் மேலே நுழையட்டும். குழிக்குப் போகும் குழாய் இரண்டு அங்குலம் தாழ்வாக இருக்கட்டும். அதன் வாயில் ஓர் எல்போ போட்டு, வாய் தண்ணீருக்குள் முங்கும்படி கீழ்நோக்கித் திருப்பிவிடுங்கள். எண்ணெய் மேலே மிதந்து நிற்கும், வண்டல் அடியில் தங்கும், நடுவில் தெளிந்தது மட்டும் குழிக்குப் போகும். கொத்தனார் எல்போ எதற்கு என்று கேட்டாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். தொட்டிக்குக் கொசு புகாத மூடியும் போடுங்கள்.

கழிவறைத் தண்ணீர், மாட்டுக் கொட்டகைத் தண்ணீர், மழைத் தண்ணீர் மூன்றையும் இதில் விடாதீர்கள்.

தொட்டியை வாரம் ஒருமுறை திறந்து எண்ணெய் ஆடையையும் வண்டலையும் அள்ளி எருக்குழியில் கொட்டுங்கள். பத்தே நிமிட வேலை. குழியில் தண்ணீர் மேலேறி நின்றால் கல்லை எல்லாம் வெளியே எடுத்துக் கழுவி வெயிலில் காயவைத்து, குழிச்சுவரில் படிந்த கறுப்பை மண்வெட்டியால் சுரண்டிவிட்டு, மறுபடி அதே வரிசையில் அடுக்குங்கள்.