ஸ்வெட்டரும் முடிதான்: கம்பளி உடைகளைத் துவைப்பது எப்படி?



நீலகிரி, கொடைக்கானல் பக்கம் உள்ள நம் குழு உறுப்பினர்களில் சிலர் காட்டேஜ்களுக்கும் விடுதிகளுக்கும் துணி துவைத்துக் கொடுக்கிறார்கள். சிலர் கம்பளி பின்னி விற்கிறார்கள். படுக்கை விரிப்பு, தலையணை உறை துவைப்பதில் சிக்கல் இல்லை. விருந்தாளி ஒருவர் நல்ல கம்பளி ஸ்வெட்டரைக் கொடுக்கும்போதுதான் பயம் வருகிறது. பெரியவர் போடும் ஸ்வெட்டர் ஒரே துவையலில் சின்னப் பிள்ளை போடும் அளவுக்குச் சுருங்கிவிடும். நஷ்டஈடு கேட்டால் பல நாள் கூலி அதிலேயே போய்விடும். அதனால்தான் இந்த மாதப் பாடம் ஸ்வெட்டரைப் பற்றியது.

ஏன் சுருங்குகிறது?

கம்பளி என்பது ஆட்டின் முடி. அந்த முடியின் மேல் மீன் செதில் போல மிக நுண்ணிய அடுக்குகள் இருக்கின்றன. சூடான தண்ணீரில் ஊறும்போது செதில்கள் விரிகின்றன. அப்போது தேய்த்துக் கசக்கினால் ஒரு முடியின் செதில் இன்னொன்றில் மாட்டிக்கொள்ளும். சிக்கு விழுந்த தலையையாவது எண்ணெய் போட்டு வாரிவிடலாம். ஸ்வெட்டரில் விழுந்த சிக்கை எடுக்க முடியாது.

காஷ்மீரி கம்பளி இதைவிட மென்மையானது. லடாக்கின் சாங்தாங் பகுதியில் கடும் குளிரில் வாழும் வெள்ளாடுகளுக்கு, மேல் முடிக்கு அடியில் மெல்லிய உள்முடி வளரும். குளிர் முடிந்ததும் அதைச் சீப்பால் வாரி எடுக்கிறார்கள். ஒரு ஆட்டிலிருந்து ஆண்டுக்குக் கால் கிலோகூட கிடைக்காது. ஒரு இழை நம் தலைமுடியில் ஐந்தில் ஒரு பங்கு கனம்தான் இருக்கும். விலை ஏன் அவ்வளவு என்று இப்போது புரிகிறதா?

முதலில் இனம் பாருங்கள்

ரோட்டோரம் விற்கும் விலை குறைந்த ஸ்வெட்டர்களில் பெரும்பாலானவை அக்ரிலிக். அது செயற்கை நூல், அவ்வளவு சீக்கிரம் சுருங்காது. காலர் பக்கமோ உள் தையலிலோ உள்ள சீட்டைப் பாருங்கள். சீட்டு இல்லையா? உங்கள் சொந்த உடையென்றால் உள் தையலிலிருந்து ஒரு சிறு நூலை எடுத்துக் கவனமாகக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகி, ஆறியபின் கெட்டி மணி போல ஆனால் செயற்கை நூல். அடுத்தவர் உடையில் இந்தச் சோதனை வேண்டாம். சந்தேகம் இருந்தால் கம்பளி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

துவைக்கும் முறை

1. துவைக்கும் முன் மார்பு, நீளம், கை மூன்றையும் இஞ்சு டேப்பால் அளந்து நோட்டில் எழுதுங்கள். ஓட்டை, கறை இருந்தால் கொடுத்தவரிடமே காட்டிவிடுங்கள். பிறகு பேச்சு வராது.

2. கை பொறுக்கும் அளவுகூட வேண்டாம், லேசான வெதுவெதுப்பு போதும். அலசும் தண்ணீரும் அதே பதத்தில் இருக்கட்டும். சூட்டிலிருந்து சட்டென்று பனித்தண்ணீருக்கு மாற்றக் கூடாது.

3. பார் சோப்பும் சலவை சோடாவும் காரம். காரம் கம்பளியை அரிக்கும். பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீர்கள். கறை போக்க என்சைம் சேர்த்த சலவைத்தூளும் ஆகாது. அது புரதக் கறையைத் தின்னும் மருந்து, கம்பளியும் புரதம்தானே! கம்பளிக்கென்று விற்கும் திரவ சோப்பு அல்லது சாதாரண ஷாம்பு கொஞ்சம் போதும். பூந்திக்கொட்டையை விதை நீக்கி ஊறவைத்து, நுரைத்த நீரை வடிகட்டியும் பயன்படுத்தலாம். வெள்ளை உடைக்கு மட்டும் வேண்டாம், பழுப்பு ஏறலாம்.

4. உள்பக்கத்தை வெளியே திருப்பி, பத்து நிமிடம் ஊறவைத்து, உள்ளங்கையால் மெதுவாக அமுக்கி அமுக்கி எடுங்கள். கல்லில் அடிக்கவோ பிரஷ் போடவோ கூடாது.

5. தூக்கும்போது இரண்டு கையாலும் அடியில் தாங்கித் தூக்குங்கள். ஈரக் கம்பளி கனமானது, தன் கனத்திலேயே இழுபடும். முறுக்கிப் பிழியாதீர்கள். துண்டில் விரித்து, பாய் சுருட்டுவது போலச் சுருட்டி அழுத்தினால் தண்ணீரைத் துண்டு குடித்துவிடும்.

6. கொடியில் போடாமல், உலர்ந்த துணிமேல் நிழலில் விரியுங்கள். எழுதி வைத்த அளவுக்கு இழுத்துச் சரிசெய்யுங்கள். மலையில் மூடுபனி நாட்களில் காய இரண்டு நாள்கூட ஆகலாம், திருப்பிப் போடுங்கள். அவசரத்துக்கு அடுப்புப் பக்கம் வைத்தால் புகை வாடை ஏறும், சூடும் கெடுக்கும்.

மேலே உருண்டை உருண்டையாகத் திரண்டால் பிய்க்காதீர்கள். சிறிய கத்தரியால் வெட்டிவிடுங்கள். பிய்த்தால் உள்நூலும் சேர்ந்து வரும்.

எடுத்து வைக்கும்போது

கம்பளியைத் தின்பது அந்துப்பூச்சியின் புழு. வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் இருந்தால் அதற்கு விருந்து. அதனால் துவைத்து நன்றாகக் காய்ந்தபிறகே வைக்க வேண்டும். ஹேங்கரில் மாட்டினால் தோள் தொங்கிவிடும். மடித்து, சுத்தமான பருத்தித் தலையணை உறைக்குள் போட்டு வாயைக் கட்டுங்கள். மாதம் ஒருமுறை எடுத்து உதறிக் காற்றாட விடுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: கைக்குழந்தையின் ஸ்வெட்டர், தொப்பி, போர்வையோடு பாச்சை உருண்டை போடவே போடாதீர்கள். அந்த நாப்தலின் வாடை துணியில் தங்கி, மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் குழந்தைக்குள் போகும். எண்ணெய் தேய்த்த உடம்பில் இன்னும் எளிதாக ஏறும். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் ஒரு என்சைம் குறைவாக இருக்கும். அவர்களுக்கு ரத்த அணுக்கள் உடைந்து கடும் மஞ்சள் காமாலை வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். குழந்தைக்கு அந்தக் குறைபாடு இருப்பது பல வீடுகளில் முன்கூட்டியே தெரியாது. பழைய ஸ்வெட்டரை வாங்கிப் போடுவதானாலும் முதலில் துவைத்து, வாடை முழுவதும் போன பிறகே போடுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

• நம் குழுவில் துணி வாங்கும்போது அளவும் பழுதும் நோட்டில் எழுதுகிறோமா?
• கம்பளிக்கு நேரமும் கவனமும் அதிகம். சாதாரணத் துணிக்கு வாங்கும் அதே கூலி சரியா? தனிக் கூலி எவ்வளவு வைக்கலாம்?
• கைக்குழந்தை உள்ள உறுப்பினர் வீடுகளில் பாச்சை உருண்டை இருக்கிறதா?

சகோதரிகளே, உங்கள் தலைமுடியை எப்படிக் கொதிநீரில் போட்டுக் கல்லில் அடிக்க மாட்டீர்களோ, அப்படியே ஸ்வெட்டரையும் நினைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பாடம் அதிலேயே வந்துவிடும்.