வேன் வாங்கும் முன்

மர்பி டவுன் மார்க்கெட்டுக்குக் காய்கறி எதில் வருகிறது? கல்யாண வீட்டுக்குப் பாத்திரமும் நாற்காலியும் எதில் போகின்றன? பெரும்பாலும் சின்ன வேனில்தான். 2005-இல் டாடா ஏஸ் வண்டி விற்பனைக்கு வந்தது. மக்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயர் வைத்தார்கள்.

சொந்தமாக ஒரு வேன் இருந்தால் பிறரிடம் கைகட்டி நிற்க வேண்டாம். ஆனால் யானையைக் கட்டித் தீனி போடுவது எளிதா? கடன் வாங்கும் முன் கணக்குப் பார்க்க வேண்டும்.

இதோ ஓர் அக்காவும் தம்பியும் பேசுகிறார்கள். கேளுங்கள்.

தம்பி: அக்கா, வேனுக்கு 4 லட்சம் கடன் வேண்டும். ஃபைனான்ஸ்காரர் 10 சதவீத வட்டி என்கிறார். பேங்கிலும் 10 சதவீதம்தான். ஃபைனான்ஸில் உடனே கிடைக்கும். அங்கேயே வாங்கட்டுமா?

அக்கா: பொறுடா. அது ஃபிளாட் வட்டியா, குறையும் வட்டியா? கேட்டாயா?

தம்பி: இரண்டும் 10 தானே அக்கா?

அக்கா: எண் ஒன்றுதான். கணக்கு வேறு. நோட்டை எடு, போட்டுப் பார்ப்போம்.

ஒரே வட்டி, இரண்டு கணக்கு

ஃபிளாட் வட்டி: கடன் 4,00,000 ரூபாய். வருட வட்டி 40,000. நான்கு வருடத்திற்கு 1,60,000. மொத்தம் கட்டுவது 5,60,000. இதை 48 மாதத்திற்குப் பிரித்தால் மாதத் தவணை சுமார் 11,667 ரூபாய்.

குறையும் வட்டி: மாதாமாதம் அசல் குறையும். மீதி உள்ள அசலுக்கு மட்டுமே வட்டி. அதே 4 லட்சம், அதே 10 சதவீதம், அதே 48 மாதம். மாதத் தவணை சுமார் 10,145 ரூபாய். மொத்த வட்டி சுமார் 87,000 தான்.

வித்தியாசம் சுமார் 73,000 ரூபாய்! ஃபிளாட் முறையில், கட்டி முடித்த அசலுக்கும் சேர்த்து வட்டி வாங்குகிறார்கள். அந்த 10 சதவீதம், குறையும் வட்டிக் கணக்கில் 17 சதவீதத்துக்கும் மேல் ஆகிறது.

கேட்டு வாங்க வேண்டிய தாள்

ரிசர்வ் வங்கி 2024-இல் ஒரு விதி செய்தது. சிறு தொழில் கடன் கொடுக்கும் பேங்கும் ஃபைனான்ஸ் கம்பெனியும் 'முக்கிய விவரத் தாள்' ஒன்று தர வேண்டும். அது உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். அதில் வட்டி, கட்டணங்கள், தவணை எல்லாம் எழுதியிருக்கும். எல்லாச் செலவும் சேர்ந்த வருட விகிதமும் இருக்கும். அதை ஏ.பி.ஆர். என்பார்கள். இரண்டு இடத்துத் தாளிலும் அந்த எண்ணைப் பாருங்கள். எது குறைவோ அதுவே மலிவான கடன்.

2015-இல் தொடங்கிய முத்ரா திட்டத்திலும் சரக்கு வேனுக்குக் கடன் கேட்கலாம். இதற்குச் சொத்துப் பிணை வேண்டாம். 'உத்யம்' என்னும் சிறு தொழில் பதிவு இலவசம். அதற்கு யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

வரி எவ்வளவு?

1. ஜி.எஸ்.டி.: சரக்கு வேனுக்கு 28 சதவீதமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம் ஆனது. பில்லில் சரிபாருங்கள்.

2. சாலை வரி: வண்டியைப் பதிவு செய்யும்போது கட்ட வேண்டும். விலை கேட்கும்போது சாலை வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து 'ஆன் ரோடு' விலை கேளுங்கள்.

3. வருமான வரி: பத்து வண்டிக்கு மேல் இல்லாத சரக்கு வண்டிக்காரருக்கு எளிய முறை உண்டு. சின்ன வேன் ஒன்றுக்கு மாதம் 7,500 ரூபாய் லாபம் என்று காட்டலாம். அதைவிட அதிகம் சம்பாதித்ததாகவும் காட்டலாம். 7,500 என்றால் வருடத்திற்கு 90,000. 2025-26 முதல் புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரி இல்லை. வரி இல்லாவிட்டாலும் கணக்குத் தாக்கல் செய்யுங்கள். அடுத்த கடனுக்கு அது சாட்சி.

கடன் தீரும் வரை ஆர்.சி. புத்தகத்தில் கடன் கொடுத்தவர் பெயர் இருக்கும். தீர்ந்ததும் 'பாக்கி இல்லை' சான்று வாங்குங்கள். ஆர்.டி.ஓ.வில் கொடுத்து அந்தப் பெயரை நீக்குங்கள். அப்போதுதான் வண்டி முழுக்க உங்களுடையது.

அக்கா: இப்போது என்ன செய்வாய்?

தம்பி: முதலில் அந்தத் தாளைக் கேட்பேன். பிறகுதான் கையெழுத்து.

அக்கா: சரியாகச் சொன்னாய். மாதம் 25 நாள் வேன் ஓடினால், தவணைக்கு மட்டும் தினம் 406 ரூபாய் எடுத்து வைக்க வேண்டும். டீசலும் ரிப்பேரும் தனி. அதையும் எழுதிக்கொள்.

முன்பு காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தோம். இன்று நமக்குப் படிக்கத் தெரியும். படிக்காமல் கையெழுத்துப் போட்டால் அதுவும் கைநாட்டுதான்.

புதிய சொற்கள்

அசல் – கடனாக வாங்கிய பணம்
தவணை – மாதாமாதம் கட்டும் தொகை
பிணை – கடனுக்கு ஈடாகக் காட்டும் சொத்து

பயிற்சி

1. குறையும் வட்டி என்றால் என்ன?
2. முக்கிய விவரத் தாளில் என்னென்ன இருக்கும்?
3. கடன் 2,00,000 ரூபாய். ஃபிளாட் வட்டி 10 சதவீதம். காலம் 2 வருடம். மாதத் தவணை எவ்வளவு? (விடை: 10,000 ரூபாய்)
4. உங்கள் தெருவில் வேன் ஓட்டும் ஒருவரிடம் பேசுங்கள். டீசல், ரிப்பேர், தவணை எவ்வளவு என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள்.