அல்க்மார் பாலாடைக்கட்டிச் சந்தை

கீழ்க்காணும் பகுதியை வாசித்து, தொடர்ந்து வரும் கேள்விகளுக்கு விடையளிக்கவும்.

நெதர்லாந்து நாட்டின் வட ஹாலந்து மாநிலத்தில் அல்க்மார் என்னும் பழைமையான நகரம் உள்ளது. இளவேனிற்காலம் முதல் செப்டம்பர் இறுதிவரை வெள்ளிக்கிழமைதோறும் காலையில் அங்குப் பாலாடைக்கட்டிச் சந்தை கூடுகிறது. சந்தை தொடங்குமுன் சதுக்கத்திற்குச் சென்றால், ஏறத்தாழ 2,000 மஞ்சள் நிறக் கட்டிகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். சக்கரம் போன்ற பெரிய கட்டி ஒவ்வொன்றும் ஏறக்குறைய 13 கிலோகிராம் எடையுள்ளது. காலை 10 மணிக்கு மணி ஒலித்ததும் சந்தை தொடங்குகிறது.

முதலில் தரம் பார்க்கப்படுகிறது. பரிசோதகர் கட்டியைத் தட்டி ஓசையைக் கேட்கிறார். பின்னர், குழல் போன்ற கருவியால் குடைந்து ஒரு துண்டை எடுக்கிறார். அதை விரல்களால் நசுக்கிப் பார்க்கிறார், முகர்கிறார், சுவைக்கிறார். அடுத்து விலை பேசப்படுகிறது. விற்பவரும் வாங்குபவரும் மாறி மாறி விலையைக் கூறி, ஒருவர் கையில் மற்றவர் தட்டுகின்றனர். இருவருக்கும் ஒத்துவரும் விலை கிடைத்ததும் இறுதியாக ஒருமுறை கைதட்டி வணிகத்தை உறுதிப்படுத்துகின்றனர்.

விற்ற கட்டிகளை எடைமண்டபத்திற்குக் கொண்டு செல்வது சுமப்போரின் பணி. வெள்ளை உடையும் வைக்கோல் தொப்பியும் அணிந்த இவர்களின் சங்கம் 1593ஆம் ஆண்டில் தோன்றியது. சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என நான்கு குழுக்கள் இதில் உள்ளன. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என இருவர் சேர்ந்து, எட்டுக் கட்டிகள் ஏற்றிய மரத்தூக்கைத் தோள்வாரில் மாட்டிச் சுமக்கின்றனர். சுமை ஆடாமலிருக்கச் சிறு அடிகள் வைத்து விரைந்து நடக்கின்றனர். தாமதமாக வருபவரின் பெயர் ஒரு பலகையில் எழுதப்படும். அது அவருக்கு அவமானம்!

இத்தனை கட்டுப்பாடு எதற்கு? பாலைக் கறந்து, கட்டியாக்கி, நாள்கணக்கில் பக்குவப்படுத்திய விவசாயியின் உழைப்பு அக்காலத்தில் தராசுத் தட்டில்தான் பணமாக மாறியது. எடை குறைந்தால் விவசாயிக்கு இழப்பு. கூடினால் வணிகருக்கு இழப்பு. ஆகவே, விற்பவரின் தராசோ வாங்குபவரின் தராசோ பயன்படவில்லை. நகரத்திற்குப் பொதுவான தராசில், எல்லாரும் பார்க்க எடை போடப்பட்டது. முன்பின் அறியாத இருவர் ஒருவரையொருவர் நம்பி வணிகம் செய்ய அந்தத் தராசு துணைநின்றது.

இன்று பாலாடைக்கட்டி வணிகத்தின் பெரும்பகுதி இச்சந்தைக்கு வெளியேதான் நடைபெறுகிறது. அல்க்மார் சந்தை பெரும்பாலும் சுற்றுப்பயணிகளுக்கான மரபுக் காட்சியாகவே நடத்தப்படுகிறது. சுமப்போருக்கும் வேறு தொழில்கள் உண்டு. எனினும், அவர்கள் கட்டிகளை இன்றும் தராசில் வைத்து எடைபோடுகின்றனர். கண்ணுக்கு விருந்தாகும் வண்ணத் தொப்பிகளைவிட, நேர்மையான அளவே நல்ல வணிகத்தின் அடிப்படை என்னும் எண்ணமே இம்மரபு நமக்கு விட்டுச்செல்லும் செல்வம்.

அருஞ்சொற்பொருள்
சதுக்கம் – நகரின் நடுவிலுள்ள திறந்தவெளி
எடைமண்டபம் – பொருள்களை நிறுக்கும் பொதுக்கட்டடம்
தோள்வார் – சுமை தூக்கத் தோளில் மாட்டும் பட்டை

கேள்விகள்
1. பரிசோதகர் பாலாடைக்கட்டியின் தரத்தை எவ்வாறு அறிகிறார்?
2. சுமப்போர் சிறு அடிகள் வைத்து நடப்பதன் காரணம் யாது?
3. பொதுத் தராசு விவசாயிக்கும் வணிகருக்கும் எவ்வாறு பாதுகாப்பளித்தது?
4. வணிகத் தேவை குறைந்த பின்னரும் ஒரு மரபைப் பேணுவது அவசியமா? உமது கருத்தைக் காரணத்துடன் எழுதுக.