கான்வென்ட்டில் பாப்பா ஒட்டுமா?

அன்புள்ள மருமகளே,

கடிதம் கிடைத்தது. வெள்ளிமலையை விட்டுக் கள்ளக்குறிச்சியில் வீடு பிடித்து, பாப்பாவைக் கான்வென்ட்டில் சேர்க்கலாமா, நம்ம மாதிரி ஆளுங்க அங்கே ஒட்டுவோமா என்று கேட்டிருக்கிறாய். மூன்று பக்கம் ஜெபத்தைப் பற்றிய கவலை. பணத்தைப் பற்றி ஒரே ஒரு வரி. நீ பயப்பட வேண்டிய இடம் அந்த ஒரு வரிதான்.

ஜெபத்தை முதலில் முடித்துவிடுவோம். அரசு அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளியும் பெற்றோர் சம்மதமில்லாமல் பிள்ளையை மதபோதனையிலோ வழிபாட்டிலோ உட்காரவைக்க முடியாது. அரசியல் சட்டம் 28(3) அப்படித்தான் சொல்கிறது. கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போகும்போது மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு நடப்பதுதான் பெரும்பாலும் வழக்கம். உனக்கு ஒப்பவில்லை என்றால் சேர்க்கும்போதே எழுதிக் கொடு.

"இருபத்தைந்து சதவீத இடம் இலவசமாச்சே மாமா" என்பாய். அவசரக்குடுக்கை! கல்வி உரிமைச் சட்டத்தின் அந்த ஒதுக்கீடு சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025-ல் இரண்டு நீதிபதிகள் அந்தத் தீர்ப்பு சரிதானா என்று கேட்டார்கள். உண்மைதான். ஆனால் அதை நம்பி வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதே.

இப்போது பணம். தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்க 2009-ல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. அந்தச் சட்டப்படி அமைந்த குழு பள்ளிக்கு நிர்ணயித்த தொகை எவ்வளவு என்று கேள். அதோடு நிறுத்திக்கொள்வதுதான் நீ செய்யப்போகும் தப்பு. வேன், சீருடை, ஷூ, ஆண்டு விழா உடை, சுற்றுலா எல்லாவற்றையும் கூட்டு. மரவள்ளி பிடுங்கினால்தான் உங்கள் வீட்டில் காசு புரளும். பள்ளிக்கு ஜூனிலேயே கட்டவேண்டும். தவணை உண்டா, சலுகை உண்டா என்று தலைமை சிஸ்டரிடம் நேராகக் கேள். கேட்பதில் என்ன கேவலம்? அதே வளாகத்தில் அரசு உதவி பெறும் தமிழ்வழிப் பிரிவு இருக்கிறதா என்றும் விசாரி. இருந்தால் பாதிச் சுமை இறங்கிவிடும். ஆங்கிலம் வராதே என்று முகத்தைச் சுளிக்காதே. அதற்குத் தனியாக வழி பார்க்கலாம்.

கான்வென்ட்டுக்காக நீ விட்டுக்கொடுப்பதையும் எண்ணிப் பார். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளித் தமிழ்வழி மாணவிகளுக்குத்தான். ஐந்தாவதுவரை கான்வென்ட்டில் படித்தாலும், ஆறாவதில் அரசுப் பள்ளிக்கு மாற்றினால் இரண்டும் கைக்குள் இருக்கும். வெள்ளிமலையிலேயே பழங்குடிப் பிள்ளைகளுக்கான ஏகலைவா உண்டு உறைவிடப் பள்ளி இருப்பதையும் மறந்துவிட்டாய்.

பாப்பா ஒட்டிக்கொள்வாள். இரண்டாம் நாளே யார் டிபன் பாக்ஸில் கை வைக்கலாம் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். என் கவலை உன்னைப் பற்றித்தான். மற்ற அம்மாக்களுக்குச் சமமாகத் தெரியவேண்டும் என்று பிறந்தநாளுக்கு வகுப்பு முழுக்கக் கேக் வாங்கிக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதம் கட்டணத்துக்கு அலைவாய். "எங்களால் இவ்வளவுதான் முடியும்" என்று முதல் வாரமே சொல்லிவிடுகிறவர்கள் எங்கேயும் ஒட்டிக்கொள்வார்கள்.

திங்கட்கிழமை மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கச்சிராயபாளையம் வழியாக இறங்கி, பள்ளி அலுவலகத்தில் எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டு வா. கழுத்துச் சங்கிலியை மட்டும் வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போ. அடகுக்கடை அந்தப் பக்கம்தான் இருக்கும்.

அன்புடன்,
மாமா