கோடையில் தோட்டம் தூங்கட்டும்

இந்த இதழுக்கு வந்த தோட்டக் கேள்விகளில் பாதிக்கு மேல் விருதுநகர், சிவகாசிப் பக்கத்துக் கடிதங்கள். எல்லாவற்றிலும் செடியைவிடத் தண்ணீர்க் கவலைதான் அதிகம். ஆகவே இம்முறை முழுக்க அந்தக் கரிசல் வட்டாரத்துக்கே.

கேள்வி: குழாயில் நல்ல தண்ணீர் சில நாளுக்கு ஒருமுறைதான் வருகிறது. போர் தண்ணீர் உப்பு. வீட்டைச் சுற்றி ஒரு சென்ட் இடம் உண்டு. கத்தரி, தக்காளி வைத்தால் பங்குனி வெயிலில் கருகிவிடுகிறது. குறைந்த தண்ணீரில் வரும் செடி எது, ஐயா?
– வாசகி, சிவகாசி

பதில்: செடி இருக்கட்டும் அம்மா, முதலில் மாதத்தைப் பார்ப்போம். உங்கள் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதில் ஏறக்குறைய பாதியை வடகிழக்குப் பருவமழை மூன்று மாதத்தில் கொட்டிவிட்டுப் போய்விடும். தீக்குச்சியும் பட்டாசும் காய்வதற்குத் தோதான வெயில் என்பதால்தானே 1920-களில் தொடங்கி அந்தத் தொழில் சிவகாசியில் வேர் பிடித்தது. அதே வெயிலில் தக்காளியும் காய்க்க வேண்டும் என்றால் எப்படி?

மானாவாரி விவசாயி சித்திரையில் விதைப்பதில்லை. வீட்டுத் தோட்டமும் அப்படியே இருக்கட்டும். புரட்டாசியில் மண்ணைக் கொத்தி வையுங்கள். முதல் நல்ல மழையில் சீனியவரை, தட்டப்பயறு, வெண்டை, கீரை ஊன்றுங்கள். மாசிக்குள் பறித்து முடித்துவிட்டு, பாத்தி மேல் சோளத்தட்டை, கடலைத்தொலி, நறுக்கிய பருத்திமார் எது கிடைக்கிறதோ அதைக் கனமாகப் பரப்பி மூடுங்கள். கரிசல் மண் காய்ந்தால் வெடிக்கும். அந்த வெடிப்பு வழியாக ஆழத்து ஈரமும் போய்விடும். மூடாக்குக்குக் கீழே அவ்வளவு வெடிப்பு விழாது. ஆடி வரை பாத்தியில் ஒன்றும் வளர்க்க வேண்டாம்.

இதை நான் சொல்லித் தரவேண்டியதில்லை, அதலைக்காயைப் பாருங்கள். ஐப்பசி மழை விழுந்ததும் யாரும் ஊன்றாமலே புஞ்சையில் கொடியாகக் கிளம்பும். மார்கழி வரை சாத்தூர், விருதுநகர்ச் சந்தைகளில் காய் வரும். பிறகு கொடி காய்ந்துவிடும். கிழங்கு மட்டும் மண்ணுக்குள் கோடையைக் கழித்துவிட்டு அடுத்த மழைக்குத் திரும்ப முளைக்கும். தெரிந்த விவசாயியிடம் ரெண்டு கிழங்கு கேட்டு வாங்கி வேலியோரம் புதையுங்கள். அவருக்கு அது களை, தாராளமாகத் தருவார். காயைப் பறித்த அன்றே சமைத்துவிட வேண்டும், வைத்திருந்தால் வெடித்துப்போகும். கசப்பு ஆகாது என்பவர்களுக்கு நான் உதவ முடியாது.

வருஷம் முழுக்கப் பச்சை கண்ணில் பட வேண்டும் என்றால் முருங்கை, பிரண்டை, சுண்டை, கற்றாழை. பூவுக்கு நித்யகல்யாணி, காகிதப்பூ. அரளியும் தாக்குப்பிடிக்கும், ஆனால் எல்லாப் பாகமும் விஷம், சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் வேண்டாம்.

கேள்வி: ஆர்.ஓ. இயந்திரத்தில் வெளியேறும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமா?
– வாசகர், திருத்தங்கல்

பதில்: உங்கள் ஊர் போர் தண்ணீரில் ஓடும் இயந்திரம் என்றால் கூடாது. லிட்டருக்கு 1,500 மில்லிகிராம் உப்புள்ள தண்ணீரில் கால் பங்கை நல்ல தண்ணீராக எடுத்துவிட்டால், மிச்சம் முக்கால் பங்கில் உப்பு ஏறத்தாழ 2,000 ஆகிவிடும். வீடு துடைக்க, கழிப்பறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி.யில் சொட்டும் தண்ணீரில் உப்பு கிடையாது, அதைத் தாராளமாக ஊற்றலாம்.

துணி துவைத்த தண்ணீரைப் பற்றி இன்னும் சிலர் கேட்டிருக்கிறார்கள். சோப்புத்தூளில் சோடியம் அதிகம். செம்மண் அதை ஓரளவு பொறுக்கும்; கரிசல் களிமண்ணில் சோடியம் ஏறினால் மண்துகள் பிரிந்து, துளை அடைத்து, மேலே ஊற்றும் தண்ணீர் கீழே இறங்காது. முதல் தண்ணீரைச் சாக்கடைக்கு விடுங்கள். அலசிய தண்ணீரை வாழைக்கும் கல்வாழைக்கும் அன்றைக்கே பாய்ச்சுங்கள். சேர்த்து வைத்தால் நாறும். கீரைக்கு வேண்டாம்.

கேள்வி: அச்சகத்தில் காகிதத் துண்டுகளும், பட்டாசு ஆலையில் கழித்த அட்டைக் குழாய்களும் மூட்டை மூட்டையாகக் கிடைக்கின்றன. மூடாக்குப் போடலாமா? ஆலை வளாகத்திலும் செடி வைக்க ஆசை.
– வாசகர், சாத்தூர்

பதில்: அச்சடிக்காத பழுப்பு அட்டை என்றால் நனைத்துப் போடலாம். பளபளப்பான வண்ணத்தாள் வேண்டாம். ஆலையில் கழித்த குழாய் ஒன்றுகூட வீட்டுக்கு வரக்கூடாது. தீ அபாயம் ஒரு பக்கம். மருந்து மண்ணில் கலப்பது இன்னொரு பக்கம். தென்னிந்தியப் பட்டாசு உற்பத்திப் பகுதியின் நிலத்தடி நீரில் பெர்குளோரேட் இருப்பதை 2013-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தண்ணீரில் எளிதில் கரையும் உப்பு அது. கீரை வகைகள் அதை இலையில் சேர்த்துக்கொள்ளும். உடம்பில் தைராய்டு சுரப்பி அயோடினை எடுப்பதைத் தடுக்கும். ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் கீரைக்கு மழைத்தண்ணீரையே வைத்துக்கொள்வது நல்லது.

ஆலை வளாகத்தில் காய்ந்த புல்லும் சருகும் கிடக்கக்கூடாது என்பது உரிம நிபந்தனை. ஆகவே அங்கே மூடாக்கு என்ற பேச்சே கூடாது. மற்றதை உங்கள் ஃபோர்மேனிடம் கேளுங்கள், என்னிடம் அல்ல.

கேள்வி: புது வீட்டு முகப்பில் புல்தரை போடச் சொல்கிறார் இன்ஜினியர். போடலாமா?
– வாசகி, விருதுநகர்

பதில்: வேண்டாம். அமெரிக்காவின் டென்வர் நகரக் குடிநீர் வாரியமே 1981-இல் புல்தரையைக் குறைத்து வறட்சி தாங்கும் செடி வைக்கச் சொல்லி இயக்கம் தொடங்கிவிட்டது.

கேள்வி: மழைநீர் சேகரிப்புக் குழி இருக்கிறது. தோட்டத்துக்கு அது போதாதா?
– வாசகர், அருப்புக்கோட்டை

பதில்: 2003-இல் அரசு கட்டாயமாக்கியபோது பெரும்பாலோர் குழிதான் தோண்டினார்கள். களிமண்ணில் குழி தண்ணீரை மெதுவாகத்தான் உறிஞ்சும். தோட்டத்துக்கு வேண்டியது தொட்டி. 500 சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 460 லிட்டர் விழும். சிந்தியது போக 370 லிட்டராவது பிடிக்கலாம். 2,000 லிட்டர் தொட்டி ஐந்தாறு நல்ல மழையில் நிறைந்துவிடும்.

அந்தத் தண்ணீரைக் குழாய் வைத்துப் பீய்ச்சாதீர்கள். ஐந்து லிட்டர் பிடிக்கும் மண்பானையை, வாய் மட்டும் வெளியே தெரியும்படி புதைத்து, ஒரு சாண் தூரத்தில் சுற்றிலும் செடி வையுங்கள். மண் காயக் காயப் பானைச் சுவர் வழியே ஈரம் கசியும், வேர் நனைந்திருந்தால் கசிவு குறையும். சீனாவில் கி.மு. முதல் நூற்றாண்டில் ஃபான் ஷெங்ஷி எழுதிய வேளாண் நூலிலேயே இந்த முறை இருக்கிறது. மெருகு பூசாத பானையாகப் பார்த்து வாங்குங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றினால் நுண்துளை அடைத்துக்கொள்ளும், மழைநீர்தான் சரி. பத்துப் பானைக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை 50 லிட்டர் என்று வைத்தால், நிறைந்த தொட்டி நான்கு மாதம் வரும். கார்த்திகையில் தொடங்கினால் பங்குனி வரை ஓட்டலாம். அதன் பிறகு தோட்டம் தூங்க வேண்டிய காலம்தானே. பானைக்கும் தொட்டிக்கும் கட்டாயம் மூடி போடுங்கள், டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.

புரட்டாசி முடிவதற்குள் மாடியைக் கழுவி, குழாய்வாயில் அடைத்திருக்கும் சருகை எடுத்துவிடுங்கள். முதல் மழையைத் தொட்டிக்குள் விடாமல் வெளியே விட்டுவிடுங்கள்.